கறுவாச் சீனியும் பீலி பெய்த வண்டியும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

ஸ்காபரோவில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பணியாளராக வேலை செய்கிறேன். காலை நேரத்தில் பத்துப் பேர் என் பொறுப்பு. ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் அவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, உணவறைக்குக் கொண்டுவர வேண்டும். யாராவது வராத நாளில் பத்து பதினைந்தாகிவிடும். தாமதமானால் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவார். மற்ற நாட்களில், "நீங்கள் உறுதியானவர், உங்களால் முடியும்" என்பார். ஆட்களைத் தூக்கும் பொறியை இருவர் நின்று இயக்க வேண்டும் என்பது விதி. ஆள் இல்லாதபோது சில வேளை தனியாகவே செய்துவிடுகிறேன்.

ஞாயிறு இரவுகளில் கறுவாச் சீனி தோய்த்த மஃபின் செய்து, திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோவேன். அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு அமைதி. பட்டர் வீண் என்கிறார் கணவர். என்னைச் சிறுமைப்படுத்துபவர்களுக்கே செய்து கொண்டுபோவது மடமையா? அண்மையில் மஃபின்கள் இறப்பர்போல ஆகிவிடுகின்றன. உள்ளே நீளநீளமாகத் துளைகள். 'உள்ளத் தனையது உயர்வு' என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். வேலையிடத்தில் உள்வலிமையை வளர்ப்பது எப்படி? தியானம் உதவுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. தாமதத்துக்குச் சோம்பல் காரணமன்று. 'உள்வலிமை' என்ற சொல்லின்மீது சில மாதங்களாகவே எனக்கு ஒரு சினம் புகைந்துகொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதை ஊதிவிட்டது. என் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த ஒரு நாள், வரவேற்பு மேசைக்குப் பின்னால், 'உங்களுக்குள் இருக்கும் வலிமையைக் கண்டறியுங்கள்' என்று ஊழியர்களுக்காக ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டியைப் பார்த்தேன். அதன் கீழே ஒரு பெண் இரண்டு தொலைபேசிகளுக்கு மாறி மாறிப் பதில் சொல்லியபடி, மூன்றாவதாக என்னைப் பார்த்துச் சிரிக்கவும் முயன்றுகொண்டிருந்தாள். சுவரொட்டி அச்சிட்ட பணத்தில் அவளுக்கு அரைநாள் உதவிக்கு ஓர் ஆளை வைத்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

சில கேள்விகளை விரைவாகக் கடந்துவிடுகிறேன். தியானம் செய்ய விருப்பமென்றால் செய்யுங்கள். முழங்கால் வலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டரைப் பற்றி உங்கள் கணவருடன் வழக்காட எனக்கு விருப்பமில்லை. அவரும் அந்த மஃபினில் இரண்டைத் தின்றுவிட்டுத்தான் வீண் என்கிறார் என்பது என் ஊகம். ஏசுபவர்களுக்குச் செய்து கொடுப்பது மடமையா என்று கேட்டீர்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். திங்கட்கிழமை மட்டும் ஏச்சு சற்றுக் குறையும் என்ற எண்ணத்தில் கொடுத்தால் அதற்குப் பெயர் மஃபின் அன்று, திறை.

மஃபினைப் பற்றி மட்டும் எனக்கு உறுதியான அறிவு உண்டு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கலவையை அடிக்கிறீர்கள். ஞாயிறு இரவில் மரக்கரண்டியைப் பிடித்திருக்கும் கை, திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டே சுற்றுகிறது. கோதுமை மாவிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து, கிளறக் கிளற இழுபடும் வலையாக மாறும். பாணுக்கு அந்த வலை வேண்டும். மஃபினுக்கு அது கேடு. பேக்கிங் பவுடரிலிருந்து பிறக்கும் வாயு அந்த வலையில் அகப்பட்டு, வழி தேடி மேல்நோக்கி ஏறிய தடங்களைத்தான் நீங்கள் துளைகள் என்கிறீர்கள். 250 கிராம் மா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, 150 கிராம் சீனி ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள். ஒரு முட்டை, 240 மில்லிலீற்றர் பால், உருக்கி ஆறிய 80 கிராம் பட்டர் ஆகியவற்றை மற்றொரு கிண்ணத்தில் அடித்துக்கொள்ளுங்கள். அடிக்கும் ஆசையை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். பிறகு இதை அதில் ஊற்றி, பன்னிரண்டு அல்லது பதினைந்து முறை மட்டும் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். கட்டிகள் தெரியட்டும். உலர்ந்த மா கண்ணில் படாமற்போன கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு குழிகளில் முக்கால் உயரத்துக்கு விட்டு, முன்பே 375 பாகை பரனைற்றுக்குச் சூடேற்றிய போறணையில் 18 முதல் 20 நிமிடம் வையுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் தலையை உருக்கிய பட்டரில் தோய்த்து, 100 கிராம் சீனியில் இரண்டு தேக்கரண்டி கறுவாத்தூள் கலந்த தட்டில் உருட்டுங்கள். இன்னொன்று: இங்குள்ள பெரிய கடைகளில் விற்கும் தூளில் பெரும்பகுதி நம்முடைய கறுவா அன்று, அதன் உறவுமரமான காசியாவின் பட்டை. ஒரே தடித்த சுருளாக இருந்தால் காசியா. தாள் தாளாகப் பல மென்பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, விரலால் நொறுங்கினால் இலங்கைக் கறுவா. ஸ்காபரோவில் இருந்துகொண்டு அது கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

இவை எதையும் நான் சமையற் புத்தகத்தில் படித்தவன் அல்லன். 1988ஆம் ஆண்டின் மாரிகாலத்தில், இந்த நகரத்துக்கு வந்து ஏழு மாதங்களே ஆகியிருந்த நிலையில், மஃபினும் டோனற்றும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தவன், தலைக்கு வலையும் தாடிக்கு வலையும் மாட்டிக்கொண்டு கறுவாச் சீனித் தட்டின் முன் நின்றேன். ஓடும் பட்டியில் மஃபின்கள் வரும்; ஒவ்வொன்றையும் எடுத்து, உருகிய பட்டரில் தலைகுப்புறத் தோய்த்து, சீனியில் உருட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். நான் சேர்ந்தபோது அந்த இடத்தில் மூவர் நின்றோம். ஒரு மாதத்தில் இருவரானோம். தை பிறந்தபோது நான் மட்டும் நின்றேன். பட்டியின் வேகம் மட்டும் குறையவில்லை.

நான் செய்தேன் என்பதே இதில் வெட்கமான பகுதி. ஐந்து கிழமை தனியாகச் செய்தேன். விரல்மூட்டுகளில் சீனி அரித்துத் தோல் வெடித்தது. வீட்டுக்கு வந்து உப்புநீரில் கையை வைத்தால் கண்ணில் நீர் வரும். ஆனாலும் மேற்பார்வையாளன் தோளில் தட்டி, "நீ பலசாலி" என்று சொல்லிப் போன இரவுகளில், பேருந்தில் திரும்பும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்கப் போவதில்லை. ஊரில் எவ்வளவோ பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது ஒரு பொருட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதை நான் நெஞ்சில் ஒட்டிவைத்திருந்தேன்.

அங்கே என்னைவிட இருபது வயது மூத்த ஒரு போர்த்துக்கேய அம்மா இருந்தார். அசோரஸ் தீவுகளில் பிறந்தவர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் மிகச் சொற்பம். ஆனால் முதல் இரவே இடைவேளையில் நான் பாண் என்று சொன்னதும் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்கும் அது ஏறத்தாழ அதே சொல். பிறகு அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. மேசையைத் தொட்டுக் காட்டினால் மேசா. அலுமாரியைக் காட்டினால் அர்மாரியோ. சப்பாத்தைக் காட்டினால் சபாத்து. நம் ஊர் வெதுப்பகங்களில் போறணை என்று நாம் சொல்வது அவருடைய 'ஃபோர்னோ'வின் பேரப்பிள்ளை. 1505ஆம் ஆண்டு அவருடைய முன்னோர் இலங்கைக் கரைக்கு வந்து, கறுவாவுக்காக நின்று, போகும்போது விட்டுச்சென்ற சொற்களைக் கொண்டு நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் இருவரும் ரொறன்ரோவில் ஒரு மஃபின் பட்டியின் ஓரத்தில் உரையாடிக்கொண்டிருந்தோம். பெருநாட்களில் அவர் பாலில் வேகவைத்த இனிப்புச் சோறு கொண்டுவருவார். அதன்மேல் கறுவாத்தூளைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துக் கோடும் கட்டமுமாக இழைத்திருப்பார். கோலம் போடும் கை. கறுவாவுக்கு அவர் சொல் 'கனேலா'. அது எங்களுடையது என்று நான் சொன்னபோது, "எங்களுடையதும்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சண்டைபிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாசியில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு இரவுகள் வேலைக்குப் போகவில்லை. என் இடத்தில், புதிதாக வந்த பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பையனைத் தனியாக நிறுத்தினார்கள். இன்னொருவர் வேண்டும் என்று அவன் கேட்டிருக்கிறான். "முந்தையவர் தனியாகத்தான் செய்தார், அவர் உன்னிலும் வயதானவர்" என்பது கிடைத்த பதில். இரண்டாம் இரவு, குவிந்துவிட்ட மஃபின்களை எட்டிப் பிடிக்கப் போனவனின் கை உருகிய பட்டர்ப் பாத்திரத்துக்குள் மணிக்கட்டுவரை இறங்கியது. அப்போதுதான் அந்த அம்மா தம் இடத்திலிருந்து நடந்து வந்து, சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திப் பட்டியை நிறுத்தினார். மேற்பார்வையாளன் ஓடி வந்தான். அவர் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார். இரண்டு பேர் வந்து நிற்கும்வரை பொத்தானிலிருந்து மற்றக் கையை எடுக்கவில்லையாம்.

நான் திரும்பி வந்த இரவு, அந்த அம்மா பையனுக்காக ஏசியது மேற்பார்வையாளனை அன்று, என்னை. தமக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, "நீ பலசாலி இல்லை, நீ மலிவு" என்றார். என்னால் முடிந்ததையெல்லாம் நான் செய்து காட்டியதால், அதுவே அந்த இடத்துக்கு அளவாகிவிட்டது என்பதை அவர் விரலால் மேசையில் கோடு போட்டு விளக்கினார். அவர் இத்தொழிற்சாலைக்கு வருமுன் இரவில் அலுவலகங்களைத் துடைத்தவர். 1984ஆம் ஆண்டுக் கோடையில், நகர மையத்திலுள்ள ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் என்ற 72 மாடிக் கட்டடத்தைத் துப்புரவு செய்த போர்த்துக்கேயப் பெண்கள் ஆறு கிழமை வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வு பெற்றுத் திரும்பினார்கள். ஆங்கிலம் அதிகம் பேசத் தெரியாத அந்தப் பெண்களின் வரிசையில் இவரும் நின்றிருந்தார். அவரிடம் உள்வலிமையின் இரகசியம் என்னவென்று கேட்டிருந்தால் என்னை விசித்திரமாகப் பார்த்திருப்பார். மேசையில் கோடு போட்டுக் காட்டிய அந்தக் கணக்கு மட்டும் அவருக்கு ஒருபோதும் பிழைத்ததில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் நீங்கள் ஒட்டியிருக்கும் வரிக்கு இப்போது வருகிறேன். அது திருக்குறளின் ஊக்கமுடைமை அதிகாரத்திலிருந்து வருவது, அறுபதாவது அதிகாரம். நல்ல வரிதான். ஆனால் அதற்குப் பன்னிரண்டு அதிகாரங்களுக்கு முன்பே வலியறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஊக்கத்தை ஒட்டிவைக்கும் நம்மவர்கள் வலியறிதலைத் திறந்தும் பார்ப்பதில்லை என்பது பத்தொன்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவனாக எனக்கு உள்ள தீராத மனக்குறை. அங்கே முதற்குறளிலேயே நான்கு வலிமைகளை நிறுக்கச் சொல்கிறார் வள்ளுவர்: வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி. உங்கள் கடிதம் முழுவதும் இவற்றில் ஒன்றே ஒன்றைப் பற்றியது. உங்களுக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படிப் பெருக்குவது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வேலையின் எடை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. துணைக்கு யார் என்ற சொல் உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. பதினான்கு ஆண்டுகளில் ஒரு தோழியின் பேச்சுக்கூட அதில் வராதது, துளைவிழுந்த மஃபினைவிட என்னைக் கவலைப்படுத்துகிறது.

அதே அதிகாரத்தில், 'உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்' என்றும் சொல்கிறார். தம் வலிமையின் அளவை அறியாமல் ஊக்கத்தால் மட்டும் உந்தப்பட்டு இறங்கி, நடுவழியில் முறிந்துபோனவர்கள் பலர். ஊக்கத்துக்குத் தனியாக ஓர் அதிகாரம் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. இன்னும் இரண்டு குறள் தள்ளி அந்த வண்டி வருகிறது: 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்.' மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும். பொருட்பாலில் அரசனுக்குச் சொன்னது உங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அரசனின் அச்சும் பணிப்பெண்ணின் முதுகெலும்பும் முறியும் விதம் ஒன்றுதான். ஒரு கவனிப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிழவியின் முகம் கழுவிவிடுவது எடையற்ற வேலை. தலை வாரிவிடுவது எடையற்றது. காலுறை மாட்டிவிடுவது எடையற்றது. யாரிடமும் போய் இது பாரம் என்று முறையிட முடியாத அளவுக்கு ஒவ்வொன்றும் பீலி. வண்டி அவற்றால்தான் நிறைகிறது.

நீங்கள் கணக்குப் போடவில்லை, நான் போட்டேன். ஒன்றரை மணித்தியாலத்தில் பத்துப் பேர் என்றால் ஒருவருக்கு ஒன்பது நிமிடம். பதினைந்து பேரென்றால் ஆறு நிமிடம். எண்பத்தைந்து வயது மனிதர் கட்டிலின் விளிம்பில் எழுந்து உட்கார்ந்து, தலைச்சுற்றுத் தெளிந்து, இன்று என்ன கிழமை என்று கேட்டு முடிக்கவே அந்த ஆறும் போய்விடும். அதற்குள் அதைச் செய்து முடிக்கிறேன் என்று நீங்கள் எழுதவில்லை என்றாலும், பதினான்கு ஆண்டுகளாக எட்டரைக்கு அவர்களை உணவறையில் காட்டியிருக்கிறீர்கள். எதை விட்டுவிட்டுக் காட்டினீர்கள் என்பதை உங்களைத் தவிர எவரும் அறியார். உங்கள் திறமை அங்கே ஒரு திரையாகத் தொங்குகிறது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் குறைவு என்பதை மேலேயுள்ளவர்கள் பார்க்கத் தேவையில்லாமற்போகிறது.

இப்போது கோபப்பட வேண்டிய இடம். தூக்கும் பொறியைத் தனியாக இயக்குகிறேன் என்று ஒரே வரியில், மழை பெய்தது என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை, அந்தத் தொட்டிலில் தொங்குவது உங்கள் பொறுமை அன்று, இன்னொருவருடைய தாய். இருவர் வேண்டும் என்ற விதி ஒருவர் பொறியையும் மற்றவர் உடலையும் பார்ப்பதற்காக இருக்கிறது. தனியாகச் செய்யும்போது நீங்கள் உறுதியைக் காட்டவில்லை; ஒரு முதியவரின் இடுப்பெலும்பைப் பந்தயம் வைக்கிறீர்கள், அவரைக் கேட்காமலேயே. விழுந்தால், "உங்களால் முடியும்" என்று சொன்னவர் விசாரணையில் அதை நினைவுகூர்வார் என்று எண்ணுகிறீர்களா? விதிப்புத்தகத்தை எடுத்து உங்கள் முன் வைப்பார். நாளை முதல், இரண்டாமவர் வரும்வரை அந்தப் பொறியைத் தொடாதீர்கள். உணவு ஆறட்டும். எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு விழட்டும்.

இந்தச் சுமை ஏற்றும் வித்தை கறுவாவைவிடப் பழையது. ஆனால் கறுவாவின் கதையில் அதை நன்றாகப் பார்க்கலாம். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் தென்னிலங்கையின் சலாகம சமூகத்தவரிடம் கறுவாவைக் கடமையாக வாங்கினார்கள். காட்டுக்குள் போய், தடியை வெட்டி, மேற்பட்டையைச் சுரண்டி, பித்தளைத் தண்டால் தேய்த்து, உட்பட்டை கிழியாமல் உரித்தெடுப்பது கைபழகிய நுண்வேலை. இன்றும் அது கையால்தான் நடக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று எடை குறிக்கப்பட்டிருந்தது. கடமை கடுமையானபோது பலர் காட்டைக் கடந்து கண்டி இராச்சியத்துக்குள் தப்பி ஓடினார்கள். அவர்களிடம் உள்வலிமை போதவில்லை என்று எவரும் சுவரொட்டி அடித்ததாகத் தெரியவில்லை. அக்காலத்து அதிகாரம் கொடுமையானது என்றாலும் அந்த அளவில் நேர்மையாக இருந்தது.

உங்களுக்கு ஓட வேண்டிய கண்டி இல்லை, தேவையும் இல்லை. ஒன்ராறியோவில் நீண்டகாலப் பராமரிப்புக்கென 2021இல் கொண்டுவந்த சட்டம், இல்லத்தில் வசிக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை 2025 மார்ச் 31ஐக் கெடுவாக வைத்து எழுதியது. தாதியர் நேரமும் உங்கள் நேரமும் முழு நாளுக்கும் சேர்ந்த கணக்கு அது. மாகாணம் முழுவதற்குமான சராசரி. அதை உங்கள் ஆறு நிமிடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் தொழிலாளரும் நிருவாகமும் சேர்ந்த பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். தொழிலாளர் சார்பாக அதில் இருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வேலையிடத் துன்புறுத்தலுக்கு எழுத்திலான கொள்கையும் முறைப்பாட்டு வழியும் வைத்திருக்க வேண்டும் என்பது 2010 ஜூனிலிருந்து வேலை கொடுப்பவர்களின் கடமை. எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறார் என்று எனக்கு எழுதியதை அங்கேயும் எழுதலாம். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை உங்கள் தொழிலில் வரம்புக்குட்பட்டது. மறுப்பு இன்னொருவரின் உயிருக்கு ஆபத்தாகும் இடத்தில் அது செல்லாது. ஆகவே மறுக்குமுன் அந்தக் குழுவிலுள்ளவரிடமும் தொழிற்சங்கம் இருந்தால் அதனிடமும் பேசிக்கொள்ளுங்கள். தொட்டிலில் ஆளை ஏற்றாமல் இரண்டாமவருக்காகக் காத்திருப்பது அந்த வகையான மறுப்பு அன்று; அது விதியைக் காப்பது.

முதலில் ஒரு சிறிய குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். நாள், பொறுப்பில் எத்தனை பேர், எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை, இரண்டாமவருக்காக எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், எந்த வேலை விடுபட்டது என்பதை மட்டும் எழுதுங்கள். முதியவர்களின் பெயரோ நோயோ அதில் வரக்கூடாது. உங்கள் மன வேதனையும் வேண்டாம். வேதனைக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள், எண்ணுக்கு அப்படிச் செய்ய இயலாது. அடுத்த திங்கட்கிழமை மஃபின் பெட்டியைத் திறக்கும்போது, உங்களோடு அதே நேரத்தில் வேலை செய்யும் பெண்களை அருகில் இருத்தி, அவர்களுக்கு ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று கேளுங்கள். சீனி விரலோடு இருப்பவர்கள் உண்மையைச் சொல்வார்கள். இது என் இடைவேளை அனுபவம்.

அந்தப் பையனுக்குப் பிறகு அங்கே இரண்டு பேர் நின்றது மூன்று கிழமைதான். நான்காவது கிழமை மறுபடி ஒருவரைக் குறைத்தார்கள். இம்முறை பொத்தானுக்கு அருகில் நின்றவன் நான். கை நடுங்கியது என்பதையும் அழுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறிப்புகள் ஒரு கிழமைக்குச் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். மஃபின் அனுப்ப வேண்டாம். எனக்குச் சீனி வியாதி.